அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு: ஊசியா, எலும்பு டாக்டரா, சித்தாவா, பெரியாஸ்பத்திரியா?

“எட்டு மணி நேரம் படுத்திருந்தேன். எழுந்தா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.” திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊர் மெடிக்கல் வாசலில் நின்றாலும் இதைக் கேட்கலாம். ஒரு வாரத் தொல்லை என்றால் பேச ஒன்றுமில்லை. நடவு முடிந்த வாரத்தில் யாருக்கும் இடுப்பு பிடிக்கத்தான் செய்யும். மூன்று மாதம், ஆறு மாதம் தாண்டியும் தோள், முதுகு, தொடை, கெண்டைக்கால் என்று உடம்பு முழுக்கக் குடைச்சல், தூங்கினாலும் தீராத அசதி, கையில் “எல்லாம் நார்மல்” என்று ஒரு லேப் ரிப்போர்ட். இப்படி இருப்பவர்களுக்கும், அவர்களை எங்கே அழைத்துப் போவது என்று தெரியாமல் விழிக்கும் வீட்டாருக்கும்தான் இது.

எங்கள் வீட்டில் அண்ணிக்கு இந்தத் தொல்லை உண்டு. கீழே வரும் வழிகளில் பாதி நாங்கள் போய்ப் பார்த்தவை, மீதி போகலாமா என்று விசாரித்தவை. நான் டாக்டர் இல்லை. எந்த வழியில் போனால் என்ன கிடைக்கும், எது கிடைக்காது, அதற்கு உடம்பும் பையும் என்ன விலை கொடுக்கும் என்று ஒப்பிட்டுச் சொல்லலாம், அவ்வளவுதான். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, வேலை செய்த மறுநாள் உடம்பு என்ன செய்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு தகவல் இல்லாமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பாதிக் கிணறுதான்.

புகார் ஒன்று, நோய் இரண்டு

மற்ற காரணங்களை எல்லாம் தேடிப் பார்த்து இல்லை என்று ஆன பிறகும் வலியும் அசதியும் விடாமல் இருந்தால், டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று ஃபைப்ரோமயால்ஜியா. இன்னொன்று நாள்பட்ட சோர்வு நோய், எம்.இ. என்றும் சொல்வார்கள். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். தூக்கம் தேறாது, மறதி வரும், ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. ஆனால் வைத்தியம் என்று வரும்போது ஒரு முக்கியமான இடத்தில் இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபைப்ரோமயால்ஜியாவில் முன்னிற்பது வலி. தசையில் கிழிசலோ வீக்கமோ இருக்காது. வலிச் சேதியை வாங்கிப் பெருக்கும் மூளையும் தண்டுவடமும் மிகையாக வேலை செய்கின்றன. கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஆள் போய்விட்டால், மெதுவாகப் பேசினாலும் தெருவே அதிருமே, அப்படி. ஆகவே வலி நிஜம், நடிப்பில்லை. வலிக்கிற இடத்தைப் படம் எடுத்தால் மட்டும் ஒன்றும் தெரியாது. 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம் வகுத்த விதிப்படி உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்தி, 11 இடங்களிலாவது வலித்தால்தான் இந்த நோய் என்று சொன்னார்கள். 2010-ல் அதை மாற்றினார்கள். இப்போது எத்தனை பகுதிகளில் வலி, தூக்கமும் சோர்வும் நினைவும் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கு அதிகம். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. “ஃபைப்ரோ டெஸ்ட்” என்று யாராவது பேக்கேஜ் விற்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எம்.இ. நோயில் வலியும் உண்டு; ஆனால் அங்கே முதல் இடம் அசதிக்கு. அதுவும் சாதாரண அசதி இல்லை. 2015-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை மூன்று அறிகுறிகளைக் கட்டாயம் என்றது: ஆறு மாதத்துக்கு மேலாக முன்பு செய்த வேலையைச் செய்ய முடியாத அளவு தளர்ச்சி, தூங்கினாலும் தெளியாத உடம்பு, கொஞ்சம் வேலை செய்தாலும் பிற்பாடு மொத்தமாகச் சரிந்துவிடுவது. இவற்றோடு மூளை மந்தமோ, நின்றால் தலைசுற்றிப் படபடப்போ ஒன்றாவது இருக்க வேண்டும். பல பேருக்கு ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இது தொடங்குகிறது. கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பேச்சு உலகம் முழுக்கக் கூடியிருக்கிறது.

மெடிக்கல் செட்டும் ஊசியும்

பக்கத்தில் இருப்பது, உடனே கிடைப்பது, இருபது முப்பது ரூபாயில் முடிவது. நடவுக் காலத்தில் சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் கடைத்தெரு மெடிக்கலைப் பார்த்தால் புரியும். முட்டிவரை சேறு காய்ந்த காலோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். “உடம்பு வலி செட்டு ரெண்டு” என்பதுதான் மருந்துச் சீட்டு. கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளிலிருந்து கத்தரித்து, சின்ன காகித உறையில் போட்டுக் கொடுப்பார். பெயரும் கிடையாது, அளவும் கிடையாது. வலிமாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, பல இடங்களில் வெள்ளையாகச் சின்னதாய் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை.

அந்தச் சின்ன மாத்திரைதான் வில்லன். போட்ட மறுநாள் உடம்பு பறக்கும், பசி எடுக்கும். விட்டால் வலி இரட்டிப்பாகும். மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு கரையும், முகம் உப்பும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதற்கு டாக்டர் வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளின் கதை வேறு. வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர் தினமும் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும்.

இவ்வளவு விலை கொடுத்தும் பலன் என்ன? ஃபைப்ரோமயால்ஜியாவில் வீக்கமே இல்லை என்பதால் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைக்கு அங்கே வேலையும் இல்லை. ஐரோப்பிய வாதநோய்க் கழகம் 2016-ல் திருத்திய பரிந்துரையில் இந்த வலிமாத்திரைகளையும், ஸ்டீராய்டையும், வீரியமான அபின் வகை வலிமருந்துகளையும் இந்த நோய்க்குச் சிபாரிசு செய்யவில்லை. ஆகவே ஒரு நாள் கூலி போய்விடும் என்ற நெருக்கடியில் என்றைக்கோ ஒரு பாரசிட்டமால் போடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாராவாரம் செட் வாங்குகிற நிலை வந்துவிட்டால் இந்த வழியை மூடிவிடுவதுதான் சரி. அந்த உறையைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிவது முக்கியம்.

எலும்பு டாக்டரும் ஸ்கேனும்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வசதி கொஞ்சம் இருக்கிறவர்கள் முதலில் போவது இங்கேதான். முதுகு வலி என்றதும் எம்.ஆர்.ஐ. எடுத்து, “டிஸ்க் தேய்மானம்” என்று ஒரு வரி வந்து, அதையே ஆயுளுக்கும் நோயாகச் சுமப்பவர்கள் நிறைய. இதில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகு வலியே இல்லாத ஆட்களின் ஸ்கேன்களைத் திரட்டி 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. வலியே இல்லாமல்! ஆக, உடம்பு முழுக்க வலி உள்ளவருக்கு ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தால், அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

ஒரு குறிப்பிட்ட மூட்டு, ஒரு குறிப்பிட்ட இடம், விழுந்து அடிபட்டது, காலில் மரமரப்பு இறங்குவது என்றால் எலும்பு டாக்டர்தான் சரியான ஆள். உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை என்றால் அவரிடம் தொடங்குவது வீண் செலவு.

பக்கத்து அரசு மருத்துவமனையும் பொது மருத்துவரும்

என் ஓட்டு இதற்குத்தான், முதல் படி என்ற அளவில். ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயரைத் தேடிப் போவதற்கு முன்னால், சுலபமாகக் குணமாகும் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-லிருந்து இருக்கிறது, திருவாரூரில் 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் வந்துவிட்டது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம், தாலுகா ஆஸ்பத்திரியிலேயே பாதிப் பரிசோதனைகள் நடக்கும். காலை நேர ஓ.பி.யில் பொது மருத்துவரைப் பாருங்கள். கூட்டம் இருக்கும், டாக்டருக்கு உங்களுக்காக மூன்று நான்கு நிமிடம்தான் கிடைக்கும். அதனால்தான் எழுதிக்கொண்டு போவது நல்லது.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்? முதலில் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் எட்டில் இருக்கிறவருக்கு அசதி ஏன் என்று தஞ்சாவூர்வரை போய்க் கேட்க வேண்டியதில்லை. அடுத்தது தைராய்டு, டி.எஸ்.எச். என்ற ஒரே பரிசோதனை போதும். அப்புறம் சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், வீக்கம் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தசை நொதியான சி.கே.

விட்டமின் டி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயல்வேலை செய்கிறவருக்கு வெயிலுக்கு என்ன குறை என்று தோன்றும், பெரும்பாலும் அது சரிதான். வீட்டுக்குள்ளும், ஜவுளிக்கடையிலும், தையல் மிஷினிலும் பகல் முழுக்க இருக்கிறவர்கள்தான் அதிகம் குறைபட்டிருப்பார்கள். ரொம்பக் குறைந்தால் எலும்பு மென்மையாகி, இடுப்பும் தொடையும் வலித்து, உட்கார்ந்து எழவே தடுமாறும். இது ஃபைப்ரோமயால்ஜியா மாதிரியே நடிக்கும்; ஆனால் முழுக்கக் குணமாகும். வாரம் ஒன்று என்று கொடுக்கும் அறுபதாயிரம் யூனிட் பாக்கெட்டைச் சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள். உடம்பு நன்றாகிவிட்டதே என்று வருஷக்கணக்கில் தொடர்ந்தால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி வேறு வம்பு வரும்.

வீட்டுக்கே வரும் மாத்திரைகளையும் சந்தேகப்பட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் இப்போது வாசலுக்கே வருகின்றன. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம். அதனால் அசதியும் காலில் எரிச்சலும் வரும். கொழுப்புக்குக் கொடுக்கும் அடோர்வாஸ்டாடின் சிலருக்குத் தசை வலி தரும். இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்காகக் கொடுத்ததை நிறுத்தினால் வலியைவிடப் பெரிய விபரீதம் வரலாம். “இந்த மாத்திரை தொடங்கின பிறகுதான் வலி” என்று டாக்டரிடம் சொன்னால் போதும், மாற்றிக் கொடுப்பார்.

குறட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருகிறவருக்கு எத்தனை மணி நேரம் படுத்தாலும் காலையில் அசதிதான். இதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும், ஆகவே ஓ.பி.க்கு அவரையும் கூட்டிப் போங்கள். சிக்குன்குன்யா வந்ததா என்பதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். 2006-ல் தமிழ்நாடு முழுக்க அது அடித்தபோது பலருக்கு மூட்டு வலி மாதங்கள், சிலருக்கு வருஷங்கள் நீடித்தது.

சில அறிகுறிகள் இருந்தால் ஒப்பிட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. சாயங்காலக் காய்ச்சலும் எடை இறக்கமும் முதுகு வலியும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோய் இருக்கலாம். குந்தி உட்கார்ந்தால் எழவே முடியாத பலவீனம், சிறுநீர் காப்பி நிறத்தில் போவது, காலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் வீங்கி மடங்காமல் இருப்பது இவையும் அப்படித்தான். ஐம்பது தாண்டியவருக்குத் தோளும் இடுப்பும் திடீரென இறுகி, கூடவே புதிதாகத் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும். தாமதித்தால் கண் போகும்.

வெளியூர் நிபுணர்: எப்போது போகலாம்?

இந்த நோய்களை அன்றாடம் பார்ப்பவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது வாதநோய் நிபுணர். தஞ்சாவூர், திருச்சியில் தனியார் நிபுணர்கள் கிடைப்பார்கள். செலவு கட்டுப்படி ஆகாதவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரில் இந்தத் துறை தனியாக இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரம், கடலூர் வழியாகப் பஸ் பிடித்து, முதல் நாள் இரவே போய்த் தங்கி, விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

இந்தப் பயணமும் கணக்கில் வர வேண்டும். அண்ணி மாதிரி வலி முன்னிற்கிறவருக்கு அது ஒரு நாள் கஷ்டம். எம்.இ. உள்ளவருக்கு அப்படி இல்லை. போய் வந்த பிறகு வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரலாம். ஆகவே முதல் படிப் பரிசோதனைகளை எல்லாம் உள்ளூரில் முடித்து, ஒரே கோப்பாகக் கட்டிக்கொண்டு, ஒரே தடவையில் முடிவு கிடைக்கிற மாதிரி போவதுதான் புத்திசாலித்தனம். ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தாலோ, மூட்டு வீக்கம் இருந்தாலோ, உள்ளூர் டாக்டர் “மனசுதான் காரணம்” என்று சொல்லி அனுப்பிவிட்டாலோ போங்கள். மற்றபடி, உள்ளூரில் பொறுமையாகக் கேட்கிற ஒரு பொது மருத்துவர் கிடைத்துவிட்டால், ஃபைப்ரோமயால்ஜியாவைப் பார்க்க அவரே போதும். வருஷக்கணக்கில் தொடர வேண்டிய வைத்தியத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம் பெரிய தகுதி.

சித்தாவும் எண்ணெயும்

டெல்டாவில் இந்த வலிக்கு ‘வாயு’, ‘வாதம்’ என்றுதான் பெயர், நாட்டு வைத்தியரையோ அரசு மருத்துவமனை சித்தா பிரிவையோ தேடிப் போவது இயல்பு. நான் இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர்க் குளியல், உப்பு ஒத்தடம், உளுந்துத் தைலம் தேய்த்து இதமாக உருவிவிடுவது எல்லாம் வலியை அன்றைக்குத் தணிக்கும், ராத்திரித் தூக்கத்துக்கு உதவும். நொச்சி வாய்க்கால் கரையில் சும்மா கிடைக்கிறது. கெடுதல் இல்லாத ஒரு சுகத்தை ஏன் விட வேண்டும்? அழுத்தி மிதிக்கிற மசாஜ் மட்டும் வேண்டாம். கூர் ஏறிய நரம்புக்கு அது தண்டனை.

உள்ளுக்குச் சாப்பிடுவதில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அரசு சித்தா பிரிவில் கொடுக்கும் அமுக்கரா சூரணம் வேறு, ஊர் ஊராக வரும் வேன் வைத்தியர் கொடுக்கும் பெயரில்லாத பொடி வேறு. பற்பம், செந்தூரம் வகைகள் சிலவற்றில் பாதரசம், ஈயம், பாஷாணம் சேர்மானம் உண்டு. முறையாக முடிக்கப்படாத சரக்கு சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். “உலோகம் சேர்ந்ததா?” என்று நேராகக் கேளுங்கள், படித்த சித்த மருத்துவர் கோபப்பட மாட்டார். அமுக்கராவும் எல்லோருக்கும் ஆகாது. தைராய்டு அளவை அது மாற்றக்கூடும், சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாகப் பதிவுகள் உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு டாக்டரிடமும் சொல்லிவிட்டுச் சாப்பிடுவது நல்லது. மெடிக்கல் செட்டோடு ஒப்பிட்டால் அரசு சித்தா பிரிவு எவ்வளவோ மேல். தைராய்டையும் ரத்தசோகையையும் பார்க்காமல் சித்தாவிலேயே ஒரு வருஷம் ஓட்டுவதுதான் தப்பு.

மாத்திரையா, நடையா? இங்கேதான் மறுநாள் கணக்கு

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் முதலில் ஒப்புக்கொண்டவை மூன்று: பிரிகாபலின் 2007-ல், டுலாக்ஸெடின் 2008-ல், மில்னாசிப்ரான் 2009-ல். நம் ஊரில் முதல் இரண்டும் சாதாரணமாகக் கிடைக்கும். இவற்றோடு பழைய, மலிவான அமிட்ரிப்டிலினை ராத்திரியில் குறைந்த அளவில் கொடுப்பதும் உண்டு. மூன்றுமே வலியைப் பெருக்கும் நரம்பின் வேகத்தைக் குறைக்கப் பார்க்கின்றன. மனநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சு வரும். மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரைகள் இவற்றில் உண்டுதான், ஆனால் இங்கே வலிக்காகத்தான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பலனை மட்டும் அளவாக எதிர்பாருங்கள். பத்துப் பேர் சாப்பிட்டால், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையில் கிடைப்பதற்கு மேல் நல்ல நிவாரணம் பெறுபவர் ஏறத்தாழ ஒருவர்தான். தலைசுற்றல், தூக்கம், வாய் வறட்சி, பிரிகாபலினில் எடை ஏற்றமும் கால் வீக்கமும் வரலாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஈர வரப்பில் நடக்கிறவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயம் இல்லை, அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டும் தெரிகிற பலன் இல்லையென்றால் கேட்டுக்கொண்டு படிப்படியாக விட்டுவிடலாம்.

மாத்திரைக்குப் பக்கத்தில் நடையை வைத்துப் பார்த்தால், ஃபைப்ரோமயால்ஜியாவில் நடைதான் ஜெயிக்கிறது. மேலே சொன்ன 2016 பரிந்துரைகளில் ‘உறுதியாகச் செய்யலாம்’ என்ற தகுதி உடற்பயிற்சி ஒன்றுக்குத்தான் கிடைத்தது. மருந்துகளுக்குக்கூட இல்லை. இதைக் கேட்டதும் அண்ணிக்கு வந்த கோபம் நியாயமானது: “வயக்காட்டுல நாளெல்லாம் குனிஞ்சு நிமிர்றேன், அது எக்ஸர்சைஸ் இல்லியா?” இல்லைதான். சேற்றில் குனிந்து நடும்போது வேகத்தைத் தீர்மானிப்பது பக்கத்து ஆள். வரிசை முடியாமல் நிமிர முடியாது. பயிற்சி என்பது உடம்பு தாங்கும் அளவில் தொடங்கி, வாரம் கொஞ்சமாகக் கூட்டுவது. பத்து நிமிடம் சமதரையில் நடை, அடுத்த வாரம் பன்னிரண்டு. முதல் சில வாரம் வலி கூடித்தான் தெரியும், பிறகு இறங்கும்.

தண்ணீருக்குள் செய்யும் பயிற்சிக்கும் இந்த நோயில் நல்ல பெயர் உண்டு. வெளிநாட்டில் வெந்நீர்க் குளம் கட்டிச் செய்கிறார்கள். நமக்கு மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் படித்துறை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கை கால் அசைப்பதற்குக் காசு கேட்பவர் யாருமில்லை. இழுப்பு அதிகமாக இருக்கும் ஆற்றில் வேண்டாம், குளம் போதும். கூச்சமாக இருந்தால், அரசு மருத்துவமனைகளில் யோகா இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். கிராமச் செவிலியரிடம் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

இப்போது எதிர்த்திசை. எங்கள் தெருவில் ஒரு பையன். வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவன், கொரோனாவுக்குப் பிறகு எழுந்து உட்காரவே மலைப்பான். “படுத்தே கெடந்தா இப்படித்தான், ஓடுடா” என்று அப்பா காலையில் மைதானத்துக்கு விரட்டினார். அன்றைக்கு ஓடிவிடுவான். அதற்கு மறுநாளோ, அதற்கு அடுத்த நாளோ தொண்டை வலித்து, காய்ச்சல் வருகிற மாதிரி உடம்பு கொதித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போர்த்திக்கொண்டு படுப்பான். அப்பா கண்ணுக்கு அது சோம்பேறித்தனம். அதுதான் எம்.இ.யின் அடையாளமே. சரிவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும், நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். இவர்களுக்கு அட்டவணை போட்டு உடற்பயிற்சியைக் கூட்டுவது வழக்கமாக இருந்தது. வைத்திய முறைகளை வகுத்துச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007-ல் அதைச் சிபாரிசு செய்து, 2021-ல் அதே சிபாரிசை விலக்கிக்கொண்டது. இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. உடம்பில் இருக்கும் தெம்புக்குள்ளேயே வேலையைப் பங்குபோட்டு, களைப்பு வருவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவதுதான் வைத்தியம். குளியலையும் துணி துவைப்பதையும் ஒரே நாளில் வைக்காமல் இருப்பது, அடுப்படியில் முக்காலி போட்டுக்கொள்வது, கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் முன்னும் பின்னும் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருப்பது, இப்படி.

ஆகவே நடையா ஓய்வா என்று முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்றைக்கு என்ன வேலை, எவ்வளவு நேரம், நாளைக்கும் மறுநாளைக்கும் உடம்பு எப்படி. காலையில் இறுகி, நடமாடினால் இளகி, மிதமான வேலைக்குப் பிறகு மறுநாள் வழக்கம்போல எழ முடிந்தால் நடைப் பக்கம் போகலாம். சின்ன வேலைக்கே ஒன்றிரண்டு நாள் கழித்து மொத்தமாக விழுந்தால் நடையைக் கூட்டாதீர்கள். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் கலந்திருந்தால் எம்.இ. விதியை முதலில் மதியுங்கள். நடையைத் தள்ளிப்போட்டால் பெரிய நஷ்டமில்லை, சரிவை வலியப் போய் வாங்கினால் நஷ்டம் அதிகம்.

யார், எங்கே?

வயல்வேலைக்குப் போகும் நாற்பது வயதுப் பெண், உடம்பு முழுக்கக் குடைச்சல், இதுவரை ரத்தமே பார்க்கவில்லை என்றால் தாலுகா ஆஸ்பத்திரி ஓ.பி.; ஹீமோகுளோபினும் தைராய்டும் வந்த பிறகு மற்றதைப் பேசலாம். எல்லாம் பார்த்தாயிற்று, மூட்டு வீக்கமில்லை, வலி முன்னிற்கிறது என்றால் உள்ளூர்ப் பொது மருத்துவர், நடை, தேவையானால் ராத்திரி மாத்திரை ஒன்று, வாரம் ஒரு நாள் எண்ணெயும் நொச்சியும். காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கி, வேலை செய்தால் சரிகிற இளவயதுக்காரர் என்றால், முதலில் வீட்டில் விரட்டுவதை நிறுத்திவிட்டு, கோப்பைத் தயார் செய்து ஒரே தடவையாக மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ போங்கள். சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு என்று மூன்று அட்டை மாத்திரை சாப்பிடும் பெரியவர் என்றால் அந்த அட்டைகளோடு போய், பி12-ஐயும் கொழுப்பு மாத்திரையையும் பற்றிக் கேட்க வேண்டும்.

ஓ.பி.யில் கிடைக்கும் அந்த மூன்று நிமிடத்துக்கு, அண்ணி இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் நாலே வரி எழுதிக்கொண்டு போகிறார்: எப்போது தொடங்கியது, எங்கெங்கே வலி, தூக்கம் எப்படி, வேலை செய்த மறுநாள் எப்படி. கீழே, சாப்பிடும் மருந்துகளின் பெயர், நாட்டு மருந்து உட்பட. டாக்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்துகிறார். கேள்வியும் அதற்குத் தகுந்த மாதிரி வருகிறது.